பிரெஞ்சு ஹார்ன் எப்படி வளர்ந்தது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹார்ன் என்னும் வளைந்த பித்தளை ஊதுகருவியின் வரலாற்றை "முதலில் வேட்டைக் கொம்பு, பிறகு வால்வு" என்று இரண்டே வரியில் முடித்துவிடுவது வழக்கம் (வால்வு என்பது விரலால் அழுத்திக் குழாயின் நீளத்தை மாற்றும் பொறி). இந்த இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் இருக்கின்றன. ஹைடன், மொஸார்ட், பீத்தோவன் மூவரும் ஹார்னுக்கு எழுதியவற்றில் பெரும்பகுதி அந்தக் காலத்தைச் சேர்ந்தது. அதனால் இந்தப் பக்கத்தில் அந்த இடைக்காலத்துக்கே அதிக இடம் தந்திருக்கிறோம்.

பழைய ஹார்னில் எல்லாச் சுரங்களும் ஏன் வரவில்லை?

துளையோ வால்வோ இல்லாத குழாயில் உதட்டை எவ்வளவு இறுக்கினாலும் தளர்த்தினாலும் குறிப்பிட்ட சில சுரங்கள்தான் பிறக்கும். நம் எக்காளமும் கொம்பும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவைதான். அடிச்சுரத்தின் அதிர்வெண்ணைப் போல 2, 3, 4, 5 மடங்கு என்று ஏறிப்போகும் இந்த வரிசைக்கு ஹார்மானிக் வரிசை என்று பெயர்.

மேற்கத்திய இசையில் சுரங்களின் பெயர் சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி. ஃபிளாட் என்றால் அரைச்சுரம் கீழே, ஷார்ப் என்றால் அரைச்சுரம் மேலே. ஹார்ன் நோட்டில் எழுதும் முறைப்படி 2-ஆவது சி, 3-ஆவது ஜி, 4-ஆவது சி, 5-ஆவது இ, 6-ஆவது ஜி, 7-ஆவது பி ஃபிளாட், 8-ஆவது சி. அதற்கு மேல் டி, இ, எஃப், ஜி, ஏ, பி ஃபிளாட், பி என்று நெருங்கி வந்து 16-ஆவதில் அடுத்த சி வரும். கீழ் ஸ்தாயியில் சுரத்துக்குச் சுரம் பெரிய இடைவெளி, மேல் ஸ்தாயியில் ஒரே நெரிசல்.

வருகிற சுரங்களிலும் சில சுருதியில் நிற்பதில்லை. ஓர் அரைச்சுரத்தை 100 சென்ட் என்று கொண்டால், 7-ஆவது இன்றைய பியானோவின் பி ஃபிளாட்டைவிட 31 சென்ட் குறைவு. 11-ஆவது எஃப்புக்கும் எஃப் ஷார்ப்புக்கும் ஏறத்தாழ நட்டநடுவில் நிற்கும். 13-ஆவது ஏ-யைவிட 59 சென்ட் கீழே. ஹார்ன் செய்தவர்களும் வாசித்தவர்களும் முந்நூறு ஆண்டுகளாகப் பட்ட பாடெல்லாம் இந்த ஓட்டைகளை அடைக்கத்தான்.

தொடக்கம் எங்கே?

17-ஆம் நூற்றாண்டின் பிரான்சில், அரச வேட்டையில். நீளமான பித்தளைக் குழாயைப் பெரிய வளையமாகச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு குதிரைமேல் இருந்தபடியே ஊதினார்கள். மான் கண்ணில் பட்டது, தண்ணீரில் இறங்கியது, வேட்டை முடிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அழைப்பு உண்டு. பெல் எனப்படும் விரிந்த முனை பின்பக்கம் பார்த்திருக்கும், ஏனென்றால் கேட்க வேண்டியவர்கள் பின்னால் வருகிறவர்கள். மூன்றரைச் சுற்று கொண்ட இன்றைய பிரெஞ்சு வேட்டை ஹார்ன் டி சுருதியில் 4.5 மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம் உடையது. அந்த வாசிப்பு மரபை 2020-இல் யுனெஸ்கோ பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

"பிரெஞ்சு" என்ற அடைமொழி சரிதானா?

பிறப்பை மட்டும் பார்த்தால் சரி. வளர்ந்ததெல்லாம் பெரும்பாலும் பொஹீமியா, வியன்னா, டிரெஸ்டன், சைலீசியா, எர்ஃபுர்ட் பக்கம். அந்த அடைமொழி ஆங்கிலேயர் வைத்தது. பன்னாட்டு ஹார்ன் சங்கம் வெறுமனே "ஹார்ன்" என்று சொன்னால் போதும் என்று 1971-இலேயே பரிந்துரைத்துவிட்டது.

வேட்டைக்காட்டிலிருந்து இசைக்குழுவுக்குள் எப்போது வந்தது?

பொஹீமியப் பிரபு ஃபிரான்ஸ் அன்டன் ஃபான் ஷ்போர்க் 1680-களின் தொடக்கத்தில் பாரிஸ் போனபோது இந்த ஒலியில் மயங்கி, வென்ஸல் ஸ்வேடா, பீட்டர் ரோலிக் என்ற தன் இரண்டு பணியாளர்களை அங்கேயே ஹார்ன் பழக வைத்தார். பிற்காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கிய பொஹீமிய ஹார்ன் மரபுக்கு விதை அதுதான்.

1705-இல் ஹாம்பர்கில் ரைன்ஹார்ட் கைஸர் தன் "ஆக்டேவியா" ஓபராவின் இசைக்குழுவில் ஹார்ன்களைச் சேர்த்தார். 1713-இன் வேட்டைக் கான்டாட்டாவில் பாக், 1717-இன் "வாட்டர் மியூசிக்"கில் ஹாண்டல், 1721-இல் காணிக்கையாக்கப்பட்ட முதல் பிராண்டன்பர்க் கன்சர்ட்டோவில் மறுபடி பாக் என்று வரிசையாக வந்துவிட்டன.

அக்கால ஹார்ன் பகுதிகள் கழுத்து நரம்பு புடைக்கும் உயரத்தில் இருப்பதற்குக் காரணம் வேறொன்றுமில்லை. சுரங்கள் அடுத்தடுத்து வருவது 8-ஆவதற்கு மேல்தான். ராகமாக ஒன்று வாசிக்க வேண்டுமானால் அங்கே ஏறித்தான் ஆக வேண்டும்.

குரூக் என்பது என்ன? அதில் என்ன சிக்கல் வந்தது?

ஒரு குழாய்க்கு ஒரு சுருதிதான். பாட்டு டி-யில் இருந்தால் டி ஹார்ன், எஃப்பில் இருந்தால் எஃப் ஹார்ன் வேண்டும். சுருதிக்கு ஒரு ஹார்ன் சுமப்பதைத் தவிர்க்க, 1700-ஐ ஒட்டி வியன்னாவில் லைஹ்னாம்ஷ்னைடர் பட்டறையில் உதடு வைத்து ஊதும் முனையான மவுத்பீஸுக்கும் ஹார்னுக்கும் நடுவே செருகும் குழாய் வளையங்களைச் செய்தார்கள். அவைதான் குரூக்குகள். செருகும் வளையம் நீண்டால் சுருதி இறங்கும். குரூக்கோடு சேர்ந்த மொத்த நீளம் ஏறத்தாழ இப்படி வரும்: மேல் பி ஃபிளாட் 2.8 மீட்டர், எஃப் 3.7, இ ஃபிளாட் 4.2, டி 4.4, சி 4.9, கீழ் பி ஃபிளாட் 5.5.

ஆரம்பத்தில் ஒரே நீளமான குரூக்காகச் செய்யாமல் சிறிய வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அடுக்க அடுக்க மவுத்பீஸ் ஹார்னைவிட்டு விலகிப் போகும், இணைப்புகள் ஆடும், காற்றுக் கசியும், ஹார்னைப் பிடிக்கும் நிலையே மாறிவிடும். பெல்லுக்குள் கை வைத்து வாசிக்கும் பழக்கம் வந்த பிறகு இது பெரிய தலைவலியானது. 1750-களில் டிரெஸ்டனில் ஹாம்பெல் என்ற வாசிப்பாளரின் யோசனைப்படி யோஹான் வெர்னர் செய்த "இன்வென்ஷன்" ஹார்ன் இதைத் தீர்த்தது. அதில் மவுத்பீஸ் குழாய் நிலையாக இருக்கும், குரூக் வளையத்தின் நடுவில் செருகப்படும்.

குரூக்கை மாற்றக் கையில் நேரமும் வேண்டும். அதனால் இசையமைப்பாளர்கள் ஹார்னுக்கு நீண்ட ஓய்வு கொடுத்து, பிறகே வேறு சுருதியில் நுழைய வைத்தார்கள். பழைய நோட்டில் காரணமே தெரியாமல் ஹார்ன் அறுபது, எழுபது அளவைகள் (தாளப் பிரிவுகள்) சும்மா இருந்தால், அடுத்த நுழைவில் சுருதிப் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கட்டுப்பாடு இசையிலேயே தெரியுமா?

நன்றாகத் தெரியும். மூன்று இடங்களைச் சொல்லலாம்.

ஹைடனின் 45-ஆவது சிம்பொனி (1772) எஃப் ஷார்ப் மைனரில் அமைந்தது. அந்தச் சுருதிக்கு யாரிடமும் குரூக் கிடையாது. அதனால் எஸ்டர்ஹாஸி அரண்மனைக்காகச் சுருதியை அரைச்சுரம் நகர்த்தும் தனிக் குரூக்குகளைச் சொல்லிச் செய்தார்கள்.

மொஸார்ட் 40-ஆவது சிம்பொனியின் முதல் பகுதியில் ஒரு ஹார்னை மேல் பி ஃபிளாட்டிலும் இன்னொன்றை ஜி-யிலும் வைத்தார். ஒன்றில் இல்லாத சுரம் மற்றொன்றில் இருக்கும். ஜி மைனரில் வாசிக்க இரண்டு ஹார்னும் மாறி மாறிக் கைகொடுத்தன. மலிவான, புத்திசாலித்தனமான தீர்வு.

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி முதல் பகுதியில் இரண்டாவது கருவுக்கு முன் ஹார்ன்கள் இ ஃபிளாட்டில் முழங்கும். அதே முழக்கம் திரும்பி வரும்போது சுருதி சி-க்கு மாறியிருக்கும். ஹார்ன்கள் இன்னும் இ ஃபிளாட் குரூக்கில்தான் இருக்கும், மாற்ற நேரமில்லை. ஆகவே பாசூன் என்ற மரக் குழல் கருவிகளிடம் கொடுத்தார். இன்றைய ஹார்னில் எல்லாம் வருமே என்று சில நடத்துநர்கள் அந்த இடத்தை ஹார்னுக்கே திருப்பித் தருகிறார்கள். பாசூனின் சற்றே கரகரத்த குரலே அங்கே பொருந்துகிறது என்பது எங்கள் கருத்து.

பெல்லுக்குள் கையை வைப்பது எப்போது தொடங்கியது?

அதை ஒரு முறையாக வகுத்தவர் டிரெஸ்டன் அரசவை இசைக்குழுவின் அன்டன் யோசெஃப் ஹாம்பெல், 1750 வாக்கில். ஒலியை மென்மையாக்கப் பஞ்சடைப்பை பெல்லுக்குள் செருகிப் பார்த்தார், சுருதி அரைச்சுரம் ஏறியதைக் கண்டார், பிறகு பஞ்சுக்குப் பதில் கையை வைத்தார் என்று அவருடைய மாணவரிடம் பயின்ற டொம்னிக் தன் 1807-ஆம் ஆண்டுப் பயிற்சி நூலில் எழுதுகிறார். அதற்கு முன்பே சிலர் கையை வைத்துப் பார்த்திருக்கலாம். கையால் ஒரு முழுச் சுரவரிசையை வாசிக்கலாம் என்று கற்றுக்கொடுத்ததுதான் ஹாம்பெலின் பங்கு.

ஹார்னின் குணமே இதனால் மாறியது. அதுவரை பெல்லை மேலே தூக்கிப் பிடித்து முழங்கினார்கள். கை உள்ளே போனதும் பெல் கீழே இறங்கிப் பக்கவாட்டுக்கு வந்தது, ஒலியில் பிசிறு குறைந்தது, நடு ஸ்தாயி பாடத் தொடங்கியது.

கையால் எந்தச் சுரத்தை எப்படி எடுப்பது?

விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைச் சற்றுக் குவித்து, விரல்களின் பின்புறம் பெல்லின் சுவரை ஒட்டியிருக்கும்படி வைக்க வேண்டும். இது திறந்த நிலை. மணிக்கட்டிலிருந்து உள்ளங்கையை மடக்கி வாயை மூட மூட, சுரம் வழுக்கிக்கொண்டே இறங்கும்.

எழுதும் முறைப்படி நடு ஸ்தாயியில் சி, இ, ஜி, மேல் சி ஆகியவை திறந்த சுரங்கள். மேல் சி-யைப் பாதி மூடினால் பி. ஜி-யைப் பாதி மூடினால் எஃப் ஷார்ப், அநேகமாக முழுக்க மூடினால் எஃப். 7-ஆவது ஹார்மானிக்கைக் கணிசமாக மூடினால் ஏ. மிகவும் படுத்துவது சி-க்கும் இ-க்கும் நடுவிலிருக்கும் டி. அதை இ-யிலிருந்து முழுச்சுரம் இறக்க வேண்டும், ஒலி மெலிந்து மூக்கடைத்தாற்போல் வரும். 11-ஆவது ஹார்மானிக்கைச் சற்று மூடினால் எஃப் ஆகும், சற்றுத் திறந்து உதட்டால் ஏற்றினால் எஃப் ஷார்ப் ஆகும்.

புதிதாகப் பழகுபவர்கள் கையை மட்டும் அசைத்து, மூச்சை அதே அளவில் விடுவார்கள். அதனால் மூடிய சுரங்கள் காணாமல் போகும். மூடிய சுரத்துக்குக் காற்றைக் கூட்டி, திறந்த சுரத்தைச் சற்று அடக்கினால்தான் வரிசை ஒரே சீராகக் கேட்கும். அப்போதும் சுரத்துக்குச் சுரம் நிறம் மாறும். 18-ஆம் நூற்றாண்டில் அதை யாரும் குறையாகக் கருதவில்லை.

முழுக்க மூடினால் சுரம் ஏறுகிறதே, மூட மூட இறங்கும் என்றீர்களே?

இரண்டும் உண்மைதான். மூடிக்கொண்டே போகும்போது ஒவ்வொரு ஹார்மானிக்கும் இறங்குகிறது. முழுக்க அடைபடும்போது, உதாரணமாக 8-ஆவது, பழைய 7-ஆவதற்கு அரைச்சுரம் மேலே வந்து நிற்கும். சட்டென்று கையை மூடி 7-ஆவதை ஊதியவர் காதுக்கு அது அரைச்சுரம் ஏறியதாகப் படும். ஹார்ன்காரர்கள் இதைப் பற்றி முடிவில்லாமல் சண்டை போடுவார்கள். வாசிக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: எஃப் ஹார்னில் முழுக்க மூடி வாசிக்க, எழுதியதைவிட அரைச்சுரம் கீழே உள்ள விரலிடலைப் போடுங்கள்.

கை ஹார்னின் பெரிய வாசிப்பாளர்கள் யார்?

மொஸார்ட்டின் கன்சர்ட்டோக்களுக்குப் பின்னால் இருப்பவர் யோசெஃப் லாய்ட்கெப். கே. 417 (1783), கே. 495 (1786) இரண்டும் அவருக்காக எழுதியவை (கே. என்பது மொஸார்ட் படைப்புகளின் பட்டியல் எண்). கே. 495-இன் கையெழுத்துப் படியில் மொஸார்ட் பல வண்ண மைகளைப் பயன்படுத்தியிருக்கிறார். மூத்த நண்பரைச் சீண்டத்தான் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள்.

இன்னொருவர் யான் வாட்ஸ்லாவ் ஸ்டிஷ். பொஹீமியப் பிரபு ஒருவரின் பண்ணையடிமையாகப் பிறந்து, ஹாம்பெலிடம் பயின்று, ஓடிப்போய், ஜியோவன்னி புன்டோ என்று இத்தாலியப் பெயர் வைத்துக்கொண்டவர். 1800 ஏப்ரல் 18 அன்று வியன்னாவில் அவரோடு பீத்தோவனே பியானோ வாசித்து ஓபஸ் 17 சொனாட்டாவை அரங்கேற்றினார்.

புன்டோ கீழ் ஹார்ன் வாசிப்பாளர். அக்காலத்தில் மேல் ஹார்ன், கீழ் ஹார்ன் என்று இரண்டும் தனித்தனித் தொழில்கள் மாதிரி, மவுத்பீஸ் அளவுகூட வேறு. இன்றும் நான்கு ஹார்ன் உள்ள குழுவில் 1, 3 மேல் பகுதியையும் 2, 4 கீழ்ப் பகுதியையும் வாசிப்பது அந்த ஜோடி வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

வால்வைக் கண்டுபிடித்தது யார்? எதற்காக?

சைலீசியாவின் ப்ளெஸ் நகரில் ஹார்ன் வாசித்த ஹைன்ரிஹ் ஷ்டோல்ஸெல், அதே பகுதியில் சுரங்க இசைக்குழுவில் இருந்த ஃபிரெட்ரிஹ் ப்ளூமெல் என்ற இருவர். 1814 வாக்கில் வேலை தொடங்கியது. 1818-இல் பிரஷ்ய அரசு இருவருக்கும் சேர்த்துப் பத்தாண்டுக் காப்புரிமை தந்தது. முதல் ஹார்ன்களில் இரண்டே வால்வு: ஒன்று முழுச்சுரம் இறக்கும், மற்றது அரைச்சுரம். ஒன்றரைச் சுரம் இறக்கும் மூன்றாவது பின்னால் சேர்ந்தது.

அன்றைக்குப் பலர் வால்வை விரலால் அழுத்திச் சுரவரிசை வாசிக்கும் பொறியாகப் பார்க்கவில்லை. நொடியில் மாறும் குரூக்காகத்தான் பார்த்தார்கள். எஃப் ஹார்னில் முதல் வால்வை அழுத்தினால் அது இ ஃபிளாட் ஹார்ன், இரண்டாவதை அழுத்தினால் இ ஹார்ன், அவ்வளவுதான். அழுத்திப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையாலேயே வாசித்தார்கள். வாக்னரின் "லோஹன்கிரின்" (1850) ஹார்ன் பகுதியைப் பார்த்தால் இது விளங்கும். சில அளவைகளுக்கு ஒருமுறை சுருதிப் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். உண்மையான குரூக்கை அந்த வேகத்தில் யாராலும் மாற்ற முடியாது.

பாரிஸில் வால்வு ஹார்ன் கற்பித்த பியேர்-ஜோசஃப் மெய்ஃப்ரேவும், மோசமான சுரங்களை வால்வால் சரிசெய்யலாம், ஆனால் கை தரும் நிறத்தை இழக்கக் கூடாது என்றே வாதிட்டார்.

அப்படியானால் வால்வு ஏன் உடனே வெல்லவில்லை?

முதல் வால்வுகள் கசிந்தன, சிக்கிக்கொண்டன, காற்றோட்டத்தைக் கூர்மையான வளைவுகளில் திருப்பிவிட்டன. எடையும் கூடியது. அதைவிட ஆழமான சிக்கல் சுருதிக் கணக்கு.

3.7 மீட்டர் எஃப் ஹார்னை முழுச்சுரம் இறக்க ஏறத்தாழ 45 செ.மீ. குழாய் வேண்டும், அரைச்சுரத்துக்கு 22, ஒன்றரைச் சுரத்துக்கு 70. ஒவ்வொன்றும் தனியாக அழுத்தும்போது சரி. முதலும் மூன்றும் சேர்ந்தால் 115 செ.மீ. கிடைக்கும், தேவைப்படுவதோ 124. மூன்றையும் அழுத்தினால் 137 கிடைக்கும், தேவை 153. நீளம் போதாததால் சுரம் தூக்கிக்கொண்டு நிற்கும். நீண்ட குழாயை இன்னும் இறக்க அதிகக் குழாய் வேண்டும் என்பதை, திறந்த ஹார்னுக்கு அளந்து வெட்டிய வால்வுக் குழாய் அறியாது. இன்றும் மூன்றாவது வால்வின் ஸ்லைடை, அதாவது இழுத்து நீட்டும் குழாயை, சற்று வெளியே இழுத்து வைப்பது, 1+2 கூட்டணியை மூன்றாவதற்குப் பதில் பயன்படுத்துவது, பெல்லுக்குள் இருக்கும் கையால் மீதியைத் திருத்துவது என்றுதான் சமாளிக்கிறார்கள்.

ரசனையும் குறுக்கே நின்றது. பாரிஸ் கன்சர்வட்வார் இசைக் கல்லூரியில் மெய்ஃப்ரேயின் வால்வு வகுப்பு 1833-இல் தொடங்கி அவரோடு 1864-இல் முடிந்தது. அதன்பின் 1903 வரை கை ஹார்னே அதிகாரபூர்வமான பாடம். அந்தக் கல்லூரித் தேர்வுக்காக 1906-இல் இசையமைப்பாளர் டூகா எழுதிய "வில்லனெல்"லின் தொடக்கத்தை வால்வில்லாமல் வாசிக்கச் சொல்லியிருப்பார். பிராம்ஸ் 1865-இல் ஹார்ன் ட்ரையோ (ஓபஸ் 40) எழுதியபோதும் வால்வில்லாத ஹார்னையே கேட்டார். அவருடைய தந்தை ஹார்ன் வாசித்தவர். மறுபக்கம் ஷூமன் 1849-இலேயே, நான்கு ஹார்ன்களுக்கான "கான்ட்ஸெர்ட்ஷ்டூக்"கில், வால்வு இல்லாமல் நினைத்தும் பார்க்க முடியாத ஓட்டங்களை எழுதிவிட்டார்.

ரோட்டரி, பிஸ்டன், வியன்னா: எது சிறந்தது?

ரோட்டரி வால்வுக்கு யோசெஃப் ரீட்ல் 1835-இல் வியன்னாவில் உரிமை பெற்றார். உள்ளிருக்கும் உருளை கால் சுற்றுத் திரும்பும், விரல் நகர வேண்டிய தூரம் குறைவு. இன்று உலகத்தில் பெரும்பாலான ஹார்ன்களில் இதுதான். மேலும் கீழும் நகரும் பிஸ்டன் வால்வு பிரான்சிலும், இரண்டாம் உலகப்போர் வரை இங்கிலாந்திலும் செல்வாக்காக இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மூன்றாவது வால்வைத் தலைகீழாக அமைத்து, அழுத்தினால் முழுச்சுரம் ஏறும்படி செய்த ஹார்னை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விடவில்லை.

வியன்னா வால்வை 1830-இல் லெயோபோல்ட் ஊல்மன் மேம்படுத்தினார். நீண்ட கம்பிகள் இரட்டைப் பிஸ்டன்களைத் தள்ளும். வேகம் குறைவு, ஆனால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வது அதில் தனி அழகு. வியன்னா ஃபில்ஹார்மோனிக் இன்றும் எஃப் குரூக் செருகிய இந்த ஹார்னையே வாசிக்கிறது.

மற்றப் பித்தளைக் கருவிகளில் வலது கை, ஹார்னில் மட்டும் ஏன் இடது கை?

வால்வு வந்தபோது வலது கை ஏற்கெனவே பெல்லுக்குள் வேலையாக இருந்தது.

டபுள் ஹார்ன் எப்போது, ஏன் வந்தது?

1897-இல் எர்ஃபுர்ட்டில் ஃபிரிட்ஸ் க்ரூஸ்பே, வாசிப்பாளர் எட்மண்ட் கும்பெர்ட்டின் யோசனையோடு செய்தார். 3.7 மீட்டர் எஃப் குழாயும் 2.8 மீட்டர் பி ஃபிளாட் குழாயும் ஒரே உடம்பில் இருக்கும். கட்டைவிரலால் இயக்கும் நான்காவது வால்வு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்.

எஃப் ஹார்னில் எழுதிய மேல் சி 16-ஆவது ஹார்மானிக். அதன் பக்கத்துச் சுரம் ஓர் அரைச்சுரத்துக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது. உதடு ஒரு மயிரிழை பிசகினால் பக்கத்து வீட்டில் விழுவோம். ஹார்ன்காரர் எல்லார் முன்னாலும் "கிளாம்" என்று தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அதே ஒலி பி ஃபிளாட் குழாயில் 12-ஆவது ஹார்மானிக், பக்கத்துச் சுரம் ஒன்றரை அரைச்சுரம் தள்ளி இருக்கும். அடிப்பது எளிது. கீழே இறங்கினால் எஃப் குழாயின் நிறைவான ஒலி வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டால் என்ன என்பதே டபுள் ஹார்ன்.

இதில் இரண்டு வகை உண்டு. முழு டபுளில் ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு தனிக் குழாய்த் தொகுதி, எடை ஏறத்தாழ இரண்டரை கிலோ. ஈடுசெய்யும் டபுளில் பி ஃபிளாட் குழாய்களோடு எஃப்புக்குத் தேவையான மிச்ச நீளத்தை மட்டும் சேர்ப்பார்கள். எடை குறையும், ஆனால் எஃப் பக்கம் சற்றே அடைத்தாற்போல் இருக்கும்.

இங்கிலாந்தின் டென்னிஸ் பிரெய்ன் இளமையில் பிரெஞ்சு பிஸ்டன் ஹார்ன் வாசித்தார். 1951-இல் அலெக்ஸாண்டர் செய்த தனி பி ஃபிளாட் ஹார்னுக்கு மாறியபோது ஒலி போய்விட்டது என்று புலம்பியவர்கள் உண்டு. அவருடைய மொஸார்ட் பதிவைக் கேட்டுவிட்டுப் புலம்புங்கள்.

நடுவில் தோற்றுப்போன முயற்சிகள் உண்டா?

ஏராளம். 1750-களில் ரஷ்ய அரசவையில் யோஹான் மரேஷ் அமைத்த குழுவில் ஒவ்வொருவரிடமும் ஒரே சுரம் தரும் ஒரு ஹார்ன் இருந்தது. தன் சுரம் வரும்போது மட்டும் ஊத வேண்டும். பண்ணையடிமைகள் இருந்த நாட்டில்தான் இது சாத்தியம். பிறகு 1810-களிலும் 1820-களிலும் எல்லாக் குரூக்குகளையும் ஒரே ஹார்னில் நிரந்தரமாகப் பொருத்திய "ஆம்னிடோனிக்" ஹார்ன்கள் வந்தன. யோசனை சரி, தூக்க முடியவில்லை.

பழைய நோட்டில் "டி ஹார்ன்", "இ ஹார்ன்" என்று இருக்கிறது. எஃப் ஹார்னில் எப்படி வாசிப்பது?

குரூக் போய்விட்டது, எழுத்து அப்படியே இருக்கிறது. ஆகவே மனத்துக்குள் மாற்றி வாசிக்க வேண்டும். இ என்றால் அரைச்சுரம் கீழே, இ ஃபிளாட் என்றால் முழுச்சுரம் கீழே, டி என்றால் ஒன்றரைச் சுரம் கீழே, சி என்றால் இரண்டரைச் சுரம் கீழே. ஜி என்றால் முழுச்சுரம் மேலே, ஏ என்றால் இரண்டு சுரம் மேலே, மேல் பி ஃபிளாட் என்றால் இரண்டரைச் சுரம் மேலே. கீழ் பி ஃபிளாட் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. "பி" என்று மட்டும் போட்டிருந்தால் மேலா கீழா என்பதைச் சூழலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஜெர்மன் நோட்டில் "பி" என்றாலே பி ஃபிளாட்தான், நம் பி-க்கு அவர்கள் "ஹா" என்பார்கள்.

இன்னொரு பொறி, கீழ் ஸ்தாயிச் சுரங்களை எழுதும் பேஸ் கிளெஃப் குறி. பழைய வழக்கப்படி அதில் ஹார்ன் சுரங்களை ஒரு ஸ்தாயி கீழே தள்ளி எழுதினார்கள். ஹார்னால் எட்டவே முடியாத ஆழத்தில் ஒரு சுரம் தெரிந்தால் ஒரு ஸ்தாயி ஏற்றி வாசியுங்கள்.

சுரத்தின் மேல் "+" குறி இருந்தால்?

கையால் முழுக்க மூடி வாசிக்க வேண்டும், உலோகம் உரசுவது போன்ற ஒலி வரும். சிறு வட்டம் போட்டிருந்தால் மறுபடி திற என்று பொருள். டபுள் ஹார்னில் இதற்கு எஃப் பக்கத்தையே பயன்படுத்துங்கள். பி ஃபிளாட் பக்கத்தில் மூடினால் அரைச்சுரத்துக்கும் அதிகமாக ஏறிவிடும், சாதாரண விரலிடல் பொருந்தாது. பெல்லில் செருகும் அடைப்பான மியூட்டை வைப்பது வேறு, இது வேறு. பல மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

வால்வில்லாத ஹார்னை இன்று யாராவது வாசிக்கிறார்களா?

பழைய முறைப்படி வாசிக்கும் குழுக்கள் எல்லாவற்றிலும் உண்டு. புதிய இசையிலும் உண்டு. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1943-இல் டென்னிஸ் பிரெய்னுக்காக எழுதிய "செரனேட்"டின் தொடக்கத்தையும் முடிவையும் இயற்கை ஹார்மானிக்குகளில் மட்டுமே வாசிக்க வேண்டும். அங்கே 11-ஆவது கோணலாகக் கேட்டால் வாசிப்பவர் மேல் தவறில்லை. இசையமைப்பாளர் லிகெட்டியின் "ஹாம்பர்க் கன்சர்ட்டோ"வில் தனி ஹார்னோடு நான்கு இயற்கை ஹார்ன்கள் சேர்கின்றன.

பழகிப் பார்க்கத் தனிக் கருவி வேண்டும் என்பதில்லை. டபுள் ஹார்னின் எஃப் பக்கத்தில் முதல் வால்வை அழுத்திப் பிடித்தால் இ ஃபிளாட் இயற்கை ஹார்ன் தயார்.

பழைய ஹார்ன் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் சுருதி. 1859-இல் பிரான்ஸ் ஏ-க்கு 435 ஹெர்ட்ஸ் என்று சட்டம் போட்டது. இங்கிலாந்தில் 452 அளவுக்கு உயர்ந்த சுருதி வெகுகாலம் புழங்கியது. அந்த உயர் சுருதிக்குச் செய்த ஹார்னில் டியூனிங் ஸ்லைடை முழுக்க இழுத்தாலும் 440-க்கு இறங்குவது கடினம். அப்படியே இறங்கினாலும் வால்வுக் குழாய்கள் குட்டையாக இருப்பதால் சுரங்களுக்குள் ஒத்துப்போகாது.

அடுத்து வால்வுக் கசிவு. வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை மெதுவாகப் பாதி இழுங்கள், பிறகு வால்வை அழுத்துங்கள். "டப்" என்று சத்தம் கேட்டால் காற்று நன்றாக நிற்கிறது. கேட்கவில்லை என்றால் உருளை தேய்ந்திருக்கலாம், புது உருளை பொருத்தும் செலவு ஹார்னின் விலையையே தாண்டிவிடக்கூடும்.

ரோட்டரியின் பின்மூடியைக் கழற்றினால் உருளையின் அச்சிலும் தாங்குதட்டிலும் சிறு கோடுகள் தெரியும். வால்வை அழுத்தும்போதும் விடும்போதும் அவை நேருக்கு நேர் நிற்க வேண்டும். விலகியிருந்தால் தடுப்புத் தக்கை தேய்ந்துவிட்டது, அது மலிவான வேலை. வால்வுக் கயிறு நைந்திருந்தாலும் கவலை வேண்டாம், எட்டு வடிவில் சுற்றி நாமே கட்டிக்கொள்ளலாம். மவுத்பீஸ் செருகும் குழாயின் உள்ளே செந்நிறப் புள்ளிகள் தெரிந்தால் மட்டும் வாங்காதீர்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போயிருக்கிறது, அந்தக் குழாய் எப்போது வேண்டுமானாலும் பொத்தலாகும்.